தோளும் செவியும்

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு குறை உண்டு. ஒரு சொல்லுக்கு நேரான சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பொருளே தமக்கு விளங்கிவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகச் சொற்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு இடம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கும் நாமும் இக்குறைக்கு விலக்கானவர் அல்லோம். சென்ற ஐப்பசி மாதத்தில் அத்தகைய பிழை ஒன்றைச் செய்தோம். அதைத் திருத்திக்கொள்ளச் சென்ற இடத்தில் அறிந்த செய்தியையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் தமையனார் மகன் அமெரிக்க நாட்டில், பென்சில்வேனியா மாநிலத்தில் பொறியாளனாக இருக்கிறான். அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, அங்கேயே வீடு வாசல் என்று நிலைத்துவிட்டவன். தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கையில் அவனிடமிருந்து ஒரு மடல் வந்தது. நலம் விசாரித்துவிட்டு அவன் எழுதியிருந்ததாவது:

“சித்தப்பா, இங்கே மான் வேட்டைக் காலம் நெருங்குகிறது. உடன் வேலை செய்யும் நண்பர்கள் இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆண்டு போவதாக இருக்கிறேன். நண்பர் ஒருவருடைய ரைபிளை வாங்கிச் சுட்டுப் பழகினேன். அது தோளில் உதைக்கிற உதை தாங்க முடியவில்லை. தோள் கன்றிப் போயிற்று. இப்போது விசையை இழுப்பதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்கிறது. குறியும் தவறிவிடுகிறது. குழலின் முனையில் ‘மசில் பிரேக்’ என்ற ஒன்றைப் பொருத்திக்கொண்டால் உதை பாதியாகக் குறையும் என்கிறார்கள். பன்னிரண்டு வயதாகும் பையனையும் உடன் அழைத்துப் போக எண்ணம். பொருத்தலாமா? பட்டாளத்துக் காகிதங்களை எல்லாம் மொழிபெயர்த்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்குமே.”

மான் வேட்டை என்றதும் நேயர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வெண்வால் மான்கள் ஏராளம். எந்த நாட்களில் வேட்டையாடலாம், ஒருவர் எத்தனை மான்களைச் சுடலாம் என்பதை அந்தந்த மாநில அரசு வகுக்கிறது. உரிமச் சீட்டு வேண்டும். பென்சில்வேனியாவில் நவம்பர் மாத இறுதியில், நன்றி நவிலும் திருநாளை அடுத்துத் துப்பாக்கி வேட்டை தொடங்குகிறது. நெடுங்காலமாக அத்திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கிய வேட்டையை 2019ஆம் ஆண்டில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். வேட்டை தொடங்கும் திங்கட்கிழமையில் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது அங்கே பல ஊர்களில் வழக்கம். தந்தையும் மகனுமாகக் காட்டுக்குப் போவது நம் ஊர்த் திருவிழாவுக்குப் போவதைப் போன்ற குடும்ப மரபு. அவ்வேட்டை சரியா தவறா என்பது இன்றைய பேச்சின் பொருளன்று. போவது என்று முடிவு செய்துவிட்ட ஒருவனுக்கு என்ன விடை எழுதுவது என்பதே நம் கேள்வி.

‘மசில்’ என்றால் துப்பாக்கியின் வாய். ‘பிரேக்’ என்றால் தடுத்து நிறுத்துவது. ஆகவே ‘வாயடைப்பு’ என்று மனத்திற்குள் மொழிபெயர்த்துக்கொண்டோம். சொல் கிடைத்துவிட்டது, பொருள்தான் விளங்கவில்லை. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் மகன் வீட்டில் வசிக்கிறார். பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்கில் மலைகளில் 1999ஆம் ஆண்டு நடந்த போரில் 155 மில்லிமீட்டர் போபர்ஸ் பீரங்கியின் அருகில் நின்றவர். மாலையில் அவரைப் பார்க்கச் சென்றோம். வழக்கம்போல் வானொலிப் பெட்டி உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தது. அதைக் குறைத்துவிட்டு, நாம் சொன்ன ‘வாயடைப்பு’ என்ற சொல்லை இரண்டு முறை திருப்பிக் கேட்டறிந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

“தம்பி, துப்பாக்கி வாயை அடைத்தால் சுடுகிறவன் முகத்திலேயே அது வெடிக்கும். அது அடைப்பு இல்லை. மடை. வாய்க்காலில் நேரே ஓடுகிற தண்ணீரை மடையை வெட்டிப் பக்கத்து வயலுக்குத் திருப்புகிறோமே, அது மாதிரி. எங்கள் பீரங்கிக்கும் குழல் முனையில் அது உண்டு.”

அந்த நொடியே நம் மொழிபெயர்ப்பை அடித்துவிட்டு, ‘குழல்வாய் மடை’ என்று எழுதிக்கொண்டோம். இனி அச்சொல்லையே கையாளுகிறோம்.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். படகிலிருந்து கரைக்குத் தாவுகிறவன் படகைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறான். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று 1687இல் வெளியான தம் நூலில் ஐசக் நியூட்டன் வகுத்த விதி இதுதான். வெடிமருந்து குண்டை முன்னே தள்ளும்போது, துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. பின்னே இருப்பது சுடுகிறவனின் தோள்.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் நூறாண்டுக்கு மேலாகப் புழங்கிவரும் தோட்டா ஒன்று உண்டு. அதைத் ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ என்பார்கள். 1906ஆம் ஆண்டில் அந்நாட்டு இராணுவம் ஏற்றுக்கொண்டதனால் பெயரில் அந்த ஆறு ஒட்டிக்கொண்டது. நம் பையன் சுட்டுப் பார்த்ததும் இதுவே. இதில் ஏறத்தாழ 11 1/2 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதனைத் தள்ளும் மருந்து ஏறத்தாழ 3 1/2 கிராம். மருந்து எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயு குண்டின் பின்னாலேயே ஓடி வந்து, குண்டு குழலை நீங்கியதும், கயிறறுத்த காளைபோல் குண்டைக் காட்டிலும் விரைந்து வெளியே பாய்கிறது. எடை குறைவு; வேகம் மிகுதி. ஆகையால் தோளில் விழும் தள்ளலை மூன்று பங்காக்கினால், ஏறத்தாழ இரண்டு பங்கு குண்டினால் வருவது. ஒரு பங்கு வாயுவினால் வருவது.

குண்டினால் வரும் இரண்டு பங்கை எவராலும் குறைக்க இயலாது. குறைத்தால் குண்டும் அந்த அளவுக்கு மெலிந்துவிடும். வாயுவினால் வரும் ஒரு பங்கைக் குறைக்கலாம். குழல்வாய் மடை செய்வது அதைத்தான். இரண்டு மூன்று அங்குல நீளமுள்ள எஃகுக் குழாய் அது. குழலின் முனையில் மரை வெட்டி, அதில் திருகிப் பொருத்துகிறார்கள். அதன் பக்கங்களில் துளைகளோ பிளவுகளோ இருக்கும். குண்டு நடுவழியே நேராகப் போய்விடுகிறது. பின்தொடரும் வாயு உள்ளிருக்கும் தடுப்புச் சுவர்களில் மோதி, பக்கவாட்டிலும் சற்றுப் பின்பக்கமாகவும் திரும்புகிறது. அவ்வாறு மோதும்போது துப்பாக்கியை முன்னோக்கி இழுக்கிறது. பின்னே போகும் துப்பாக்கியை முன்னே இழுப்பதனால்தான் ‘பிரேக்’ என்று பெயர் வந்தது.

இதில் ஒரு கணக்கு நயம் உண்டு. வாயுவின் பங்கு முழுவதும் நீங்கிற்று என்று வைத்துக்கொண்டால், துப்பாக்கி பின்வாங்கும் வேகம் மூன்றில் இரண்டாகும். ஆனால் தோளைத் தாக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்றில் இரண்டின் வர்க்கம் ஒன்பதில் நான்கு. அதாவது பாதிக்கும் குறைவு. ஆகவே ‘உதை பாதியாகும்’ என்று நண்பர்கள் சொன்னது கடைக்காரர் பேச்சன்று. நல்ல மடையானால் அது நடக்கக் கூடியதே.

அதனால் விளையும் நன்மையும் சிறியதன்று. உதைக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும் நேரத்தில் கண்ணை மூடுகிறான், தோளை முன்னே தள்ளுகிறான், கை நடுங்குகிறது. குண்டு மானின் நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்கோ காலுக்கோ போய்விடுகிறது. அடிபட்ட மான் இரவெல்லாம் காட்டில் கிடந்து வருந்திச் சாகிறது. நேர்மையான வேட்டைக்காரன் எவனும் விரும்பாத முடிவு இது. உதை குறைந்தால் அச்சம் குறையும். துப்பாக்கி துள்ளாமல் இருப்பதனால், குண்டு எங்கே பட்டது என்பதைத் தொலைநோக்கியிலேயே காணவும் முடியும். இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சுபேதார் நிறுத்தினார். “மடை வெட்டிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டீர்களா?” என்றார். நாம் கேட்கவில்லை.

உலகில் எந்தச் சக்தியும் இல்லாமற் போவதில்லை. ஓரிடத்தில் தடுத்தால் வேறோரிடத்தில் தலைகாட்டும். முன்னே போய்க்கொண்டிருந்த வாயுவைப் பக்கத்துக்கும் பின்னுக்கும் திருப்பிவிட்டோம். அந்த வாயுவோடு அதன் வெடியோசையும் திரும்புகிறது. மடை இல்லாத துப்பாக்கியின் ஓசை பெரும்பாலும் சுடுகிறவனுக்கு முன்னே பாய்ந்து செல்லும். மடை பொருத்திய துப்பாக்கியின் ஓசையோ சுடுகிறவனின் செவியை நோக்கியும், அவன் பக்கத்தில் இருப்பவனின் செவியை நோக்கியும் வருகிறது.

ஓசையை டெசிபல் என்னும் அளவால் அளக்கிறார்கள். இது வட்டிக்கு வட்டி போல ஏறும் அளவு. மூன்று டெசிபல் கூடினால் ஓசையின் சக்தி இரட்டிப்பாகும். பத்து டெசிபல் கூடினால் பத்து மடங்காகும். இருவர் உரையாடும் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். வெடி போன்ற திடீர் ஓசை வயது வந்தோர் செவியில் 140 டெசிபலைத் தாண்டலாகாது என்பது மருத்துவ உலகம் வகுத்த எல்லை. குழந்தைகளுக்கு 120 என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. மான் வேட்டைத் துப்பாக்கிகளோ மடை இல்லாமலேயே 155 முதல் 170 டெசிபல் வரை ஒலிக்கின்றன. அதாவது எல்லையை முன்பே தாண்டிவிட்டன. மடையைப் பொருத்தினால் சுடுகிறவன் செவியில் அதற்குமேல் 5 முதல் 10 டெசிபல் வரை கூடும். தோளில் பாதியைக் குறைத்துவிட்டுச் செவியில் பல மடங்கைச் சுமத்துகிறோம்.

தோள் கன்றினால் பத்து நாளில் ஆறும். செவி அப்படியன்று. செவியின் உட்பகுதியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் மயிர்போன்ற நுனிகளையுடைய நுண்ணிய உயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 வரிசையாக நிற்கின்றன. ஓசை அலை வந்ததும் அவை நாற்றங்கால்போல் அசைந்து, மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பெருவெடி என்னும் சூறைக்காற்று அடித்தால் அந்த நாற்றுகள் சாய்கின்றன, சில முறிகின்றன. கோழிக்கும் குருவிக்கும் இந்த உயிரணுக்கள் மீண்டும் முளைக்கும். மனிதனுக்கு முளைப்பதில்லை. பிறக்கும்போது கொண்டு வந்த கையிருப்பே கடைசி வரைக்கும்.

கையிருப்பு குறைவதும் உடனே தெரிவதில்லை. சுட்ட அன்று காதில் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். மறுநாள் அடங்கிவிடும். ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணுவோம். ஆனால் நொடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஒலிகளை வாங்கும் பகுதியில் முதலில் ஓட்டை விழுந்திருக்கும். வலத்தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது செவி முதலில் கெடுகிறது. தலையைச் சாய்த்துக் குறி பார்க்கும்போது அந்தச் செவியே குழல்வாய்க்கு நேராக நிற்பதும், வலது செவியைத் தலையே மறைத்துக் காப்பதும் காரணம்.

சுபேதாருக்கும் இடது செவிதான் மந்தம். பீரங்கிக்கு எந்தப் பக்கம் அவர் நின்றார் என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம் என்பார். “காதை மூடிக்கொள்ளக் கருவி இருந்ததே?” என்று கேட்டோம். “இருந்தது தம்பி. போட்டுக்கொண்டால் கட்டளை காதில் விழாதே என்று நான்தான் கழற்றிவிடுவேன். வெறும் பஞ்சை அடைத்துக்கொண்டதும் உண்டு. பஞ்சு ஒன்றுக்கும் உதவாது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்” என்றார்.

பிறகு, நம்மை அறியாமலே நம் மனத்தில் தைத்துவிட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். வேலூரில் இருக்கும் மகள் வயிற்றுப் பேத்தி, தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டதற்குத் தொலைபேசியில், “தாத்தா, பட்டு வேண்டும்” என்றாளாம். அவர் செவியில் அது ‘கட்டு’ என்று விழுந்தது. “ஐயையோ, எங்கேயம்மா அடிபட்டது?” என்று பதறியிருக்கிறார். குழந்தை சிரித்தாள். மீண்டும் சொன்னாள். மீண்டும் ‘கட்டு’ என்றே கேட்டது. மூன்றாம் முறை அவள் சிரிக்கவில்லை. தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டாள். “அவள் இப்போதெல்லாம் என்னிடம் நீளப் பேசுவதில்லை தம்பி. வணக்கம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்” என்றார்.

இது தற்செயலான பிழையன்று. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்தது, ஓங்கியது, நீண்டு நிற்பது. அதனால் பழுதுபட்ட செவிக்கும் அது எட்டுகிறது. க, ச, த, ப போன்ற வல்லினம் சொல்லுக்கு முதலில் வரும்போது மெல்லிய வெடிப்பாகவோ உரசலாகவோ ஒரு கணம் தோன்றி மறைகிறது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளிலேயே இருக்கிறது. அந்தப் பகுதி கெட்டுவிட்டால் பட்டும் கட்டும் தட்டும் ஒன்றாகிவிடும். படமும் கடமும் தடமும் ஒன்றாகிவிடும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அப்படிப்பட்டவர் வானொலியின் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் ஓசைதான் கூடும், தெளிவு கூடாது.

தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நமக்கு இது மற்றவர்களைக் காட்டிலும் நன்றாக உறைக்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் பெரும்பாலும் பிற மொழியினுடையவை. பேருந்துப் பலகையும் கடைப் பலகையும் தேவநாகரியிலோ வங்காளியிலோ குஜராத்தியிலோ இருக்கின்றன. தமிழ் நம்மிடம் வருவது பெரிதும் செவி வழியாகத்தான். தொலைபேசியில் தாயின் குரலாக வருகிறது, அடுத்த வீட்டு அம்மாளின் பேச்சாக வருகிறது, வானொலியாக வருகிறது. அந்த வாயில் பழுதுபட்டால் வேறு வாயில் தேடுவது எளிதன்று.

இனி அமெரிக்காவில் இருக்கும் பையனுக்கு வருவோம். அவன் மடலில் நாம் முதலில் கவனிக்காமல் விட்ட ஒரு வரி இப்போது கண்முன் நின்றது. ‘பன்னிரண்டு வயதாகும் பையனையும் உடன் அழைத்துப் போக எண்ணம்.’ மடையால் தோள் நோவு குறைவது தகப்பனுக்கு. அந்த ஓசையில் பாதியை வாங்கிக்கொள்ளப் போவது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளை. வேட்டைக்கு வழிகாட்டும் தொழிலில் இருக்கும் பலர் மடை பொருத்திய துப்பாக்கியோடு வருகிறவர்களை விரும்புவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். சுடுகிறவனுக்கு ஆண்டில் ஒரு வெடி. வழிகாட்டிக்கு, வருகிறவர் ஒவ்வொருவராலும் ஒரு வெடி.

அப்படியானால் உதையைத் தாங்கிக்கொள்வதுதான் வழியா? அன்று. செவிக்குக் கேடில்லாமல் உதையைக் குறைக்கும் வழிகள் பல உண்டு.

முதல் வழி, தோட்டாவைச் சிறிதாக்குவது. 1955இல் வந்த ‘டூ ஃபார்ட்டி த்ரீ வின்செஸ்டர்’ என்னும் தோட்டாவின் குண்டு 6 1/2 கிராம்தான். மருந்தும் குறைவு. வெண்வால் மானுக்கு அது போதும் என்பது அங்கே நெடுநாளாய் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. அதன் உதை ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ உதையில் பாதிக்கும் குறைவு. அதாவது, பெரிய துப்பாக்கியில் மடை பொருத்திப் பெறும் அதே பயனை, மடை இல்லாத சிறிய துப்பாக்கி ஓசையைக் கூட்டாமல் தந்துவிடுகிறது. 2007இல் வந்த ‘சிக்ஸ் பாயிண்ட் ஃபைவ் கிரீட்மூர்’ என்னும் தோட்டாவும் இவ்வகையில் பெயர் பெற்றது.

இரண்டாவது வழி, துப்பாக்கியின் எடை. கனத்த துப்பாக்கி மெல்லப் பின்வாங்கும். மலையேற வசதி என்று மிக இலேசான துப்பாக்கியை வாங்குகிறவன் அந்த வசதிக்குத் தோளால் வட்டி கட்டுகிறான். மூன்றாவது, துப்பாக்கிக் கட்டையின் அடியில் பொருத்தும் ரப்பர் மெத்தை. அது உதையின் அளவைக் குறைப்பதில்லை. ஆனால் ஒரே குத்தாக வருவதை நீட்டிப் பரப்பித் தருகிறது. நான்காவது, கட்டையின் நீளம் சுடுகிறவனின் கைக்கும் தோளுக்கும் பொருந்தியிருப்பது. கடன் வாங்கிய செருப்பு காலைக் கடிப்பதுபோல் கடன் வாங்கிய துப்பாக்கி தோளைக் கடிக்கும்.

ஓசையையும் உதையையும் ஒருங்கே குறைக்கும் சாதனம் ஒன்றும் உண்டு. அதுவே ஓசையடக்கி, அதாவது சைலன்சர். மடை வாயுவைத் திருப்புகிறது. அடக்கியோ வாயுவை அறைகளுக்குள் தேக்கி, ஆறவைத்து, மெதுவாக விடுகிறது. ஓசை 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். எனினும் குண்டு ஒலியைவிட விரைந்து செல்வதனால் அதன் வெடிப்பொலி கேட்கவே செய்யும். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 200 டாலர் வரியும் பதிவும் விதித்தது. 2025இல் இயற்றிய சட்டத்தினால் 2026 ஜனவரி முதல் அந்த வரி நீங்கியது, பதிவு நீங்கவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் இதனோடு வேட்டையாட இசைகின்றன.

மடையே வேண்டும் என்கிறவர்கள் அதனைச் சுட்டுப் பழகும் திடலோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே செவிக்குள் வைக்கும் அடைப்பான், அதன்மேல் செவியை மூடும் கவசம் என இரண்டையும் அணிய வேண்டும். நன்றாகப் பொருந்திய ஓர் அடைப்பான் 20 முதல் 30 டெசிபல் வரையே குறைக்கும். 165இல் 25 போனால் மிஞ்சுவது 140. எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறோம். அதனால்தான் இரண்டு. காட்டுக்குப் போகுமுன் மடையைக் கழற்றிவிடலாம். ஆனால் கழற்றியதும் குண்டு படும் இடம் சற்று மாறிவிடும். ஆகவே கழற்றிய பிறகு மறுபடியும் சுட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொள்ளாமல் புறப்படலாகாது.

“காதை மூடிக்கொண்டால் மான் வரும் காலடி எப்படிக் கேட்கும்?” என்பது வேட்டைக்காரர்கள் சொல்லும் மறுப்பு. கட்டளை கேட்காது என்று சுபேதார் சொன்ன அதே மறுப்பு. இன்று அதற்கும் விடை இருக்கிறது. மின்னணுக் கவசம் ஒன்று வந்திருக்கிறது. சருகின் சலசலப்பு போன்ற சிற்றொலிகளை அது பெரிதாக்கித் தரும். வெடியோசை வந்த கணத்தில் தன்னைத் தானே மூடிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பையனுக்கு எழுதினோம். மடலின் முடிவில், “உன் தோளுக்காக யோசித்தாய், நல்லது, உன் பிள்ளையின் செவிக்காகவும் யோசி” என்று ஒரு வரி சேர்த்தோம். சுபேதாரிடம் அதைப் படித்துக் காட்டினோம். அவர் பட்டுக் கதையையும் எழுதச் சொன்னார். எழுதினோம்.

மார்கழி பிறந்த பின் விடை வந்தது. நண்பருடைய துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். மடை இல்லாத சிறிய துப்பாக்கி ஒன்றை வாங்கினானாம். தனக்கும் பிள்ளைக்கும் செவிக் கவசம் வாங்கினானாம். வேட்டை நாளன்று விடியுமுன் மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருக்கையில், பிள்ளை அவன் கையைத் தொட்டு, “அப்பா, இலை மேல் பனி சொட்டுவது கேட்கிறது” என்றானாம். மான் கிடைத்ததா என்று அவன் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை.

அந்த மடலைச் சுபேதாரிடம் கொண்டுபோய், வலது செவிப்பக்கமாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தோம். கேட்டு முடித்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வானொலியை நிறுத்திவிட்டு, வேலூருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். செவிக் கருவி வாங்கிக்கொள்வது பற்றி மகள் சென்ற ஆண்டே சொல்லியிருந்தாளாம். இப்போது அதைப் பற்றி மறுபடியும் விசாரித்துக்கொண்டிருந்தார்.